பதினோரு கறுப்பு பிளக்குகள்

அது ஒரு சனிக்கிழமை மதியம். மத்திகிரியில் எங்கள் வாடகை வீட்டு மாடிப்படிக்கு அடியில், தண்ணீர் டிரம்முக்கும் என் பழைய மோட்டார் சைக்கிளுக்கும் நடுவே, சாக்கு விரித்து மல்லாந்து படுத்திருந்தேன். கையில் ஸ்பேனர். முகத்துக்கு நேர் மேலே பெட்ரோல் டியூப். டேங்கைக் காலி செய்யலாம் என்று கையைத் தூக்கியபோது, படியில் யாரோ இறங்கும் சத்தம் கேட்டது.

என் மனைவியின் தம்பி அந்தோணி. மாடி வீட்டில் குடியிருக்கிறான். அந்த வாரம் அவனுக்கு பி ஷிஃப்ட், மதியம் போய் ராத்திரி வருவது. நீலச் சட்டையும் சாப்பாட்டுப் பையுமாக இறங்கியவன் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடாமல் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்தான். பிறகு டேங்க் மூடியைத் திருகித் திறந்தான்.

நான் மூச்சுவிடாமல் படுத்திருந்தேன். வாடகை கொடுக்கிற வீட்டில், சொந்த வண்டிக்குப் பின்னால், ஐம்பத்தாறு வயதில் ஒளிந்துகொண்டிருக்க வேண்டிய நிலை எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சென்ற வாரம் இந்தப் பத்தியில் எங்கள் கம்பெனி கேன்டீன் உப்புமாவைப் பற்றி எழுதியதற்காக என்னோடு பேசாமல் இருக்கும் நண்பர்கள் இந்த வாரம் தாராளமாகச் சிரிக்கலாம். இந்த முறை அடி முழுவதும் எனக்குத்தான்.

தள்ளிக்கொண்டு வந்த மாப்பிள்ளை

மத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் பெண் பார்க்கப் போனது இதே வண்டியில்தான். அப்போது அது பழைய வண்டி இல்லை, நானும் பழைய ஆள் இல்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஓசூரிலிருந்து கிளம்பினேன். ஊர் எல்லை வரை வண்டி ஜோராக வந்தது. அங்கே இருந்த மாதா கெபிக்கு, குகை மாதிரிக் கட்டிய சின்னக் கோயிலுக்கு, முன்னால் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

உதைத்தேன், கெஞ்சினேன். அப்புறம் தள்ளினேன். பெண் வீட்டு வாசலில் போய் நின்றபோது கை இரண்டும் கரி, சட்டையில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. மாமனார் ஆகப்போகிறவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வண்டி உங்களுதா தம்பி, இல்ல வழியில கெடந்துச்சா?" என்று கேட்டார்.

பந்தலில் இருந்தவர்கள் சிரித்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. வெட்கத்தில் வாசலிலேயே உட்கார்ந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். முனையில் கரி அடைத்துக் கிடந்தது. சுரண்ட ஏதாவது கிடைக்குமா என்று சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு கை என் முன்னால் நீண்டது. அதில் ஒரு கொண்டை ஊசி.

"இதால சுரண்டுங்க" என்றாள் நான் பார்க்க வந்த பெண், ஸ்டெல்லா.

சுரண்டி மாட்டினேன். ஒரே உதையில் பிடித்துக்கொண்டது. "மாப்ள சுமார்தான், கை வேலை தெரிஞ்சிருக்கு" என்று உள்ளே யாரோ சொன்னது காதில் விழுந்தது. பெண் பார்க்கப் போன அன்று அவள் என்ன நிறச் சேலை கட்டியிருந்தாள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஊசி கறுப்பு, ஒரு கால் லேசாக வளைந்திருக்கும்.

சாமல்பட்டிக் கோழிகள்

மகள் பிறந்த பிறகு ஸ்கூட்டர் வாங்கினோம், இந்த வண்டியை விற்றேன். அடுத்த இரண்டு நாள் ஸ்டெல்லா வைத்த சாம்பாரில் உப்பு இல்லை.

வருடங்கள் ஓடின. மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனாள். போன வருடம் உடன் வேலை செய்பவரின் புதுமனை புகுவிழாவுக்காக சாமல்பட்டி போயிருந்தேன். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தோட்டத்து வீட்டில் ஐந்தாறு கோழிகள் எதன் மேலோ வரிசையாக உட்கார்ந்திருந்தன. அந்த 'எது'வின் நம்பர் பிளேட்டைப் படித்ததும் கேட்காமலே தோட்டத்துக்குள் போய்விட்டேன். கோழி எச்சத்துக்கு நடுவே என் வண்டி நின்றிருந்தது.

தோட்டக்காரர் நல்ல மனிதர். "வண்டிய எடுத்துக்கினு போங்க சார். டூல் பாக்ஸ்ல முட்டை இருக்கும், அத மட்டும் வச்சுட்டுப் போங்க" என்றார்.

சின்ன யானை என்கிற குட்டி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினேன். ஸ்டெல்லா வாசலில் நின்று பார்த்தாள். ஹேண்டில் பாரில் ஒட்டியிருந்த இறகு ஒன்றைப் பிய்த்துப் போட்டாள்.

"ஓடுமா?"

"ஓட வைப்பேன்."

"எப்ப?"

அடுத்த மாதம் என்றேன். அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று அது எட்டு மாதம் ஆனது. டேங்குக்குப் பெயின்ட், சீட்டுக்குப் புது ரெக்சின், சக்கரத்துக்குப் புது ஸ்போக் கம்பி என்று எல்லாம் ஆயிற்று. படிக்கு அடியில் வண்டி மாப்பிள்ளை மாதிரி நின்றது. நின்றது என்பதுதான் பிரச்சினை.

ஈஸ்டர் வந்து தவக்காலம் முடிந்த கையோடு ஸ்டெல்லா தீர்ப்பு சொன்னாள். "எங்க ஊரு தேர்த் திருவிழாவுக்கு இதுலதான் போறோம். போய்ச் சேர்ந்தா வண்டி இங்க இருக்கட்டும். இல்லன்னா திங்கக்கிழமை இரும்புக் கடைக்காரரு வந்து தூக்கிக்கினு போவாரு. நான் சொல்லி வச்சுட்டேன்."

அவள் சும்மா சொல்லுகிறவள் இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஏ ஷிஃப்ட்டில், அதாவது காலை ஷிஃப்ட்டில், நாற்பது பெண்களை மேய்க்கிற சூப்பர்வைசர். இரும்புக் கடைக்காரரின் போன் நம்பர் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது.

தெரு முழுக்க ஒரே கேள்வி

வண்டி ஸ்டார்ட் ஆகாமல் இல்லை. ஆகும். ஒரு நிமிடம் ஓடும், நீலமாகப் புகை கக்கும், தொண்டையில் ஏதோ சிக்கிய மாதிரி இழுக்கும், நின்றுவிடும். பிளக்கைக் கழற்றினால் கன்னங்கறேலென்று ஈரமாக, எண்ணெய் வழியும். துடைத்துப் போட்டால் இன்னும் ஒரு நிமிடம் ஓடும். புது பிளக் போட்டால் இரண்டு நிமிடம்.

எங்கள் தெருவில் மூன்று மொழி உண்டு. காலையில் பால் வாங்கும்போது வீட்டுக்கார நஞ்சம்மா கன்னடத்தில் "ஸ்டார்ட் ஆய்தா?" என்பார். எதிர் வீட்டு ரெட்டியார் தெலுங்கில் "ஸ்டார்ட் அயிந்தா?" என்பார். மூலை டீக்கடையில் தமிழில் கேட்பார்கள். மூன்றுக்கும் என்னிடம் இருந்தது ஒரே தலையாட்டல்.

நான் சாதாரண ஆள் இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கம்பெனியில் தரப் பிரிவில் முப்பது வருடம். ஒரு பொருளில் குறை வந்தால் 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்டு வேரைப் பிடிக்க வேண்டும் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பெடுக்கிறவன். ஆகவே படிக்கு அடியில் சுவரில் ஒரு சார்ட் ஒட்டினேன். பிளக் ஏன் கறுக்கிறது? பெட்ரோல் சரியாக எரியவில்லை. ஏன் எரியவில்லை? பொறி பலவீனம். ஏன் பலவீனம்? இப்படி எழுதி, பொறி கொடுக்கும் இக்னிஷன் காயிலை மாற்றினேன். கார்பரேட்டரைப் பிரித்து, கழுவி, ஊதி மாட்டினேன். பிளக்கின் இடைவெளியை கேஜ் வைத்து அளந்து அளந்து சரிசெய்தேன்.

ஒவ்வொரு கறுத்த பிளக்கையும் தேதி எழுதிய சீட்டுக் கட்டி ஆணியில் தொங்கவிட்டேன். பதினோரு பிளக் ஆனது. ஸ்டெல்லா அதற்கு மேல் துணி காயப்போட ஆரம்பித்தாள்.

கரீம் பாய் பார்த்த வைத்தியம்

திருவிழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலை, பதினோரு பிளக்கையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கரீம் பாயிடம் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பழைய வண்டி சாமான் கடை வைத்திருக்கிறார். ஓசூரில் என் வயதுக்காரர்கள் வைத்திருக்கும் எல்லா வண்டிக்கும் அவர்தான் குடும்ப டாக்டர்.

ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒன்றை மோந்தும் பார்த்தார்.

"சேவியரு, பிளக்க ஏன்யா திட்டுற? பிளக்குங்கறது நாக்கு. வயித்துல கோளாறுன்னா நாக்குலதான தெரியும்? நல்ல வண்டி பிளக்கு டீ கலர்ல இருக்கணும். இது தார் டின்னுல முக்கி எடுத்தாப்புல இருக்கு. ஆயில் எவ்ளோ ஊத்துற?"

எனக்குச் சுருக்கென்றது. பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றவேண்டிய வண்டி அது. லிட்டருக்கு எவ்வளவு என்று கணக்கு உண்டு. அந்தக் கணக்கை நான் கோடு போட்ட கண்ணாடி ஜாடியில் அளந்து, கண் மட்டத்தில் வைத்துப் பார்த்து, கேனில் கலந்து ஊற்றுகிறவன். தரப் பிரிவில் முப்பது வருடம் என்று அவரிடமும் ஆரம்பித்தேன்.

"இருக்கட்டும். டேங்குல இருக்கறதுல கொஞ்சம் புடிச்சாந்தியா?"

ஒரு சின்ன பாட்டிலில் கொண்டுபோயிருந்தேன். கரீம் பாய் ஒரு செய்தித்தாள் துண்டைக் கிழித்து, அதில் ஒரு சொட்டு விட்டார். பக்கத்தில், தன் கடையில் சரியாகக் கலந்து வைத்திருந்ததிலிருந்து இன்னொரு சொட்டு. டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். டீ வருவதற்குள் பெட்ரோல் ஆவியாகிவிட்டது. அவருடைய சொட்டு இருந்த இடத்தில் மெல்லிசாக ஒரு வட்டம் தெரிந்தது. என் சொட்டு விழுந்த இடத்தில், பின்பக்கத்துத் தலைப்புச் செய்தி பளிச்சென்று தெரியும் அளவுக்குக் காகிதம் எண்ணெயில் ஊறிக் கிடந்தது.

"இன்னாய்யா இது! பெட்ரோலு டேங்கா, பஜ்ஜி சட்டியா?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வீட்டுல வேற யாராச்சும் ஊத்துறாங்களா?" என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். "பாய், அந்த வண்டி ஒழிஞ்சாப் போதும்னு இருக்காங்க எங்க வீட்ல. தொட்டுக்கூடப் பார்க்க மாட்டாங்க."

டிரம்முக்குப் பின்னால்

மறுநாள் லீவு போட்டேன். ஸ்டெல்லா விடியற்காலையிலேயே ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டிருந்தாள். அவளிடம் லீவைப் பற்றிச் சொல்லவில்லை. ஸ்கூட்டரை முந்தின நாளே பழுது பார்க்க கரீம் பாய் கடையில் விட்டிருந்தேன், அதனால் நான் வேலைக்குப் போயிருப்பதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். டேங்கைக் காலி செய்து புதுக் கலவை ஊற்றலாம் என்று படுத்தபோதுதான் அந்தோணி இறங்கி வந்தான்.

இப்போது நீங்கள் கதை தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

அவன் மீட்டர் பெட்டிக்குக் கீழே இருந்த ஆயில் பாட்டிலை எடுத்தான். அதன் மூடியில் நிரப்பி, ஒரு மூடி ஆயிலை டேங்குக்குள் ஊற்றினான். நெற்றியிலிருந்து நெஞ்சு வரை சிலுவை போட்டுக்கொண்டான். பாட்டிலை இருந்த இடத்தில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

எழுந்து துரத்தியிருப்பேன். ஆனால் தொழில் புத்தி விடவில்லை. ஒரு குறை கையில் சிக்கியதும் ஆய்வை முடித்துவிடக் கூடாது, இன்னொன்று பின்னாலேயே வரும் என்று நானே எத்தனை வகுப்பில் சொல்லியிருக்கிறேன்! அப்படியே படுத்திருந்தேன். கொஞ்சம் கண்ணயர்ந்தும் விட்டேன்.

கொலுசுச் சத்தத்தில் விழிப்பு வந்தது. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி ஸ்டெல்லா வந்துகொண்டிருந்தாள். பையைப் படியில் வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எங்கோ போகிற போக்கில் செய்கிற மாதிரி, டேங்கைத் திறந்து, ஒரு மூடி ஆயில் ஊற்றி, மூடிவிட்டு, டேங்கின் மேல் இரண்டு தட்டு தட்டினாள். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பால் கொடுத்துவிட்டு முதுகில் தட்டுவாளே, அந்தத் தட்டு.

"ஸ்டெல்லா" என்றேன், தரையிலிருந்து.

அவள் அலறியதில் நஞ்சம்மா வீட்டு நாய் குரைத்தது. "ஐயோ மாதாவே! செத்தவன் எழுந்த மாதிரி எங்கருந்து எந்திரிக்கிறீங்க?"

"என்ன ஊத்தின?"

"ஆயிலு."

"எதுக்கு?"

"நீங்கதான சொன்னீங்க, ஆயில் இல்லாம ஓட்டினா இஞ்சின் ஜாமாயி ஒண்ணுத்துக்கும் ஆகாதுன்னு? அன்னிக்கு சாப்புடறப்ப அரை மணி நேரம் சொன்னீங்க. நீங்க மறந்துட்டீங்கன்னா? டிபன் பாக்ஸயே மறந்துட்டுப் போற ஆளு."

"தினமும் ஊத்தினியா?"

"ஷிஃப்ட்டு முடிஞ்சு வந்ததும் ஒரு மூடி. அவ்ளோதான."

போன் போட்டு அந்தோணியைப் பிடித்தேன். பஸ்ஸுக்குள் இரைச்சலுக்கு நடுவே கத்தினான். "மாமா, கோவிச்சுக்காதீங்க! அக்கா வண்டிய இரும்புக் கடைக்குப் போட்டுருமேன்னு பயம். என் பங்குக்கு ஒரு மூடி ஊத்திக்கினு இருந்தேன். அக்கா ஊத்துதுன்னு எனக்கெப்புடித் தெரியும்?"

கரீம் பாய் கடையிலிருந்து திரும்பி வந்த பதினோரு பிளக்கும் மறுபடி ஆணியில் தொங்கிக்கொண்டு என்னையே பார்த்தன. இந்த இடத்தில் இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். அளந்து கலந்து ஊற்றிய பிறகும், கலந்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்த நாட்களில், எதற்கும் இருக்கட்டும் என்று நானும் தனியாக ஒரு மூடி ஊற்றியிருக்கிறேன். ஆக ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், ஜெனரல் ஷிஃப்ட் எல்லாம் சேர்ந்து பார்த்த உற்பத்தி அது. நின்ற இடத்தில் உறுமுவதைத் தவிர ஓடாத வண்டி, பெட்ரோல் எவ்வளவு குடித்திருக்கப் போகிறது? ஊற்றிய ஆயிலெல்லாம் டேங்கிலேயே தேங்கி, பிளக்கைக் கறுக்க வைத்திருக்கிறது.

"அது இருக்கட்டும்" என்றேன். "இரும்புக் கடைக்குப் போடணும்னு சொல்ற நீ எதுக்கு ஆயில் ஊத்தற?"

ஸ்டெல்லா பையை எடுத்துக்கொண்டாள். "அது வேற. வண்டி இரும்புக் கடைக்குப் போறது வேற, இஞ்சின் கெட்டுப்போறது வேற" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பேச்சு மாறியதாக ஒத்துக்கொள்ளவே இல்லை. "நாளைக்குத்தான் தேரு" என்று உள்ளேயிருந்து நினைவூட்டவும் செய்தாள்.

லாக் புக்

ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஷிஃப்ட் வரும்போது, என்ன செய்தோம், என்ன பாக்கி என்று லாக் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போடாமல் யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது. எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இது எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறியது. எழுதாமல் போனதற்காக நான் எத்தனையோ பேருக்கு மெமோ கொடுத்திருக்கிறேன். மூன்று பேரும் மூன்று ஷிஃப்ட் பார்க்கிற எங்கள் வீட்டில் ஒரு லாக் புக் இல்லை. அன்று சாயங்காலமே ஒரு நாற்பது பக்க நோட்டில் துளை போட்டு, நூல் கட்டி, பேனாவோடு படிக்கு அடியில் தொங்கவிட்டேன். முதல் வரியை நானே எழுதினேன்: 'டேங்க் காலி செய்யப்பட்டது. புதுக் கலவை ஊற்றப்பட்டது. யாரும் ஆயில் ஊற்றக் கூடாது.' கையெழுத்தும் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து கிளம்பினோம். பன்னிரண்டாவது பிளக். சூளகிரி தாண்டியது, கிருஷ்ணகிரி தாண்டியது. லாரிகள் எங்களை முந்திக்கொண்டு போனாலும் எனக்குக் கவலையில்லை. மேம்பாலத்தில் ஏறும்போது ஸ்டெல்லா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது. காற்றில் தூசி என்று சமாளித்தேன்.

மத்தூர் தாண்டி, அவள் ஊர் எல்லையில், அதே மாதா கெபிக்கு முன்னால், இரண்டு தடவை இருமிவிட்டு வண்டி நின்றது.

பிளக்கைக் கழற்றினேன். சைலன்சருக்குள் எட்டு மாதமாகத் தேங்கியிருந்த எண்ணெய்க் கசடு வழிவிட மறுத்ததுதான் காரணம் என்று பின்னால் கரீம் பாய் சொன்னார். அப்போதைக்கு எனக்குத் தெரிந்தது, முனையில் மயிரிழை அளவு கரி பாலம் போட்டிருந்தது மட்டும்தான். கேட்காமலே கை நீண்டது. கொண்டை ஊசி. சுரண்டி மாட்டி உதைத்தேன். பிடிக்கவில்லை. தூரத்தில் பேண்டு வாத்தியம் கேட்டது. தேர் தெருமுனைக்கு வந்துவிட்டிருந்தது.

தள்ளினேன். மல்லிகைப் பூ மாலையோடு மாதா எதிரே வர, ஊரே பார்க்க, கரிக்கையும் வெள்ளைச் சட்டையுமாகத் தள்ளிக்கொண்டு போனேன். மாமியார் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார்.

"மாப்ள இன்னும் தள்ளிக்கினேதான் வர்றாரு" என்று அவர் சொன்னது வாத்தியத்தையும் மீறிக் கேட்டது.

சூடு ஆறியதாலோ என்னவோ, சாயங்காலம் திரும்பும்போது வண்டி ஒரு தடவைகூடத் தும்மவில்லை. வெண்ணெய் மாதிரி ஓசூர் வந்து சேர்ந்தது. அதைச் சொல்லி நான் வாதாடியிருக்கலாம். ஆனால் நிபந்தனை போய்ச் சேருவதற்குத்தான், திரும்பி வருவதற்கு இல்லை.

திங்கட்கிழமை கம்பெனியில் எனக்கு வேலை ஓடவில்லை. இரண்டரை மணிக்கு ஸ்டெல்லா வீட்டுக்கு வந்திருப்பாள் என்று நினைத்தேன். மூன்று மணிக்கு இரும்புக் கடைக்காரர் வந்திருப்பார் என்று நினைத்தேன். நல்ல பாகங்களை ஏன் பாஸ் செய்யவில்லை என்று இரண்டு பேர் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். ஆறு மணிக்கு வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியவன், படிக்கு அடியில் பார்க்கத் தைரியம் இல்லாமல் செருப்பைக் கழற்றும் சாக்கில் கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு பார்த்தேன். வண்டி இருந்தது. டேங்கைத் துடைத்து வைத்திருந்தார்கள். ஹேண்டில் பாரில் ஒரு கொண்டை ஊசி செருகியிருந்தது. நூலில் தொங்கிய நோட்டில் என் வரிக்குக் கீழே, சூப்பர்வைசரின் குண்டு குண்டு எழுத்தில் புதிதாக எழுதியிருந்தது:

'ஏ ஷிஃப்ட். ஆயில் ஊற்றவில்லை. இரும்புக் கடைக்காரர் வந்தார். வண்டி ஓடுகிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். ஸ்டெல்லா.'